மீனை அறுத்தால் தெரியும்: பொய் கண்டறியும் கருவியும் அதன் எல்லையும்

2022 செப்டம்பர் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில் இருக்கும் க்ளீவ்லாந்து நகரில் ஒரு தூண்டில் போட்டி முடிந்து மீன்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து மீன்களின் மொத்த எடை எந்த அணிக்கு அதிகமோ அந்த அணிக்குப் பரிசு, 28 ஆயிரம் டாலருக்கு மேல். முதலிடத்தில் நின்ற இருவர் அணியின் மீன்கள் தராசில் ஏறியதும் போட்டியை நடத்தியவருக்குச் சந்தேகம் தட்டியது. பார்வைக்கு ஒவ்வொரு மீனும் நான்கு பவுண்டு தேறும். தராசு ஏழு பவுண்டுக்குக் கிட்டே காட்டியது. வயிற்றைத் தடவிப் பார்த்தார். உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கத்தியை எடுத்து எல்லோர் முன்னாலும் அறுத்தார். ஈயக் குண்டுகள் வெளியே விழுந்தன. வேறு மீனிலிருந்து நறுக்கித் திணித்த சதைத் துண்டுகளும் வந்தன. அடுத்த ஆண்டு இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, மூன்றாண்டுக்கு மீன்பிடி உரிமம் நிறுத்தம், படகு பறிமுதல்.

அந்த வட்டாரத்துத் தூண்டில் போட்டிகளில் வென்றவர்களைப் பொய் கண்டறியும் கருவியின் முன் உட்காரவைப்பது நெடுநாள் வழக்கம். பிடிபட்ட இருவரில் ஒருவர் முந்தைய ஆண்டு வேறொரு போட்டியில் அந்தச் சோதனையில் தேறாமல் பரிசை இழந்தவர் என்று செய்திகள் வந்தன. அதற்காக அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. கருவி சொன்னதை வைத்து அவர்களின் குற்றத்தை யாராலும் நிலைநாட்டவும் முடியவில்லை. கத்தி ஒரே நிமிடத்தில் நிலைநாட்டிவிட்டது.

இது ஏதோ தூரதேசத்துப் பொழுதுபோக்குக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சென்னை அசோக் நகரில் தமிழகக் காவல்துறையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. துப்புத் துலக்கும் முறைகளைப் பணியிலிருக்கும் காவலர்கள் படிக்க வரும் இடம் அது. அங்கிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால், மயிலாப்பூர் காமராஜர் சாலையில் தடய அறிவியல் துறையின் தலைமையகம். திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் கடத்திக் கொல்லப்பட்ட தொழிலதிபர் ராமஜெயத்தின் வழக்கில், சந்தேகத்துக்கு ஆளான பலருக்கு 2023 ஜனவரியில் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது அந்த வளாகத்தில்தான். தூண்டில்காரரின் பரிசுப் பணத்துக்கு வைக்கும் அதே சோதனையை இங்கே கொலை வழக்கில் வைக்கிறோம். கருவி ஒன்று, பணயம்தான் வேறு. ஆகவே அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது, எதை அளக்க அதனால் முடியாது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உடம்பு காட்டுவது என்ன?

பாலிகிராஃப் என்று சொல்லப்படும் இந்தக் கருவியில் மர்மம் ஏதும் இல்லை. மார்பைச் சுற்றி ஒன்று, வயிற்றைச் சுற்றி ஒன்று என இரண்டு நெளியும் குழாய்கள் கட்டப்படும். மூச்சு எவ்வளவு ஆழமாக, எவ்வளவு வேகமாகப் போய்வருகிறது என்பதை அவை சொல்லும். மேல்கையில், டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டும் அதே பட்டை. இரண்டு விரல் நுனிகளில் சிறு உலோகத் தகடுகள். அவற்றின் வழியே உணரவே முடியாத அளவு மெல்லிய மின்சாரம் செலுத்தி, தோல் அதை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்று பார்ப்பார்கள்.

இந்த மூன்றில் அதிகம் நம்பப்படுவது விரல் நுனிதான். உள்ளங்கையிலும் விரல்களிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. மற்ற இடங்களில் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் வெயிலுக்குப் பதில் சொல்வது. உள்ளங்கை வியர்வை மனத்துக்குப் பதில் சொல்வது. தேர்வு அறைக்குள் நுழையும் பிள்ளையின் கை ஏசி அறையிலும் ஈரமாவது இதனால்தான். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தன்னியக்க நரம்பு மண்டலத்தில் பரிவு நரம்புகள் என்று ஒரு பிரிவு உண்டு. ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் அவை உடம்பை உசுப்பிவிடும். இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும், மூச்சின் தாளம் மாறும், விரல் நுனி நனையும். கேள்வி காதில் விழுந்து ஓரிரு நொடியிலேயே தோலின் மின்கடத்தும் திறன் உயர்ந்து, திரையில் கோடு மேலேறும்.

அந்தக் கோடு பொய்யானதல்ல. அந்த நொடியில் அந்த உடம்பு எதற்கோ கிளர்ந்தது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் எதற்கு? பொய் சொன்னதற்கா, மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்துக்கா, அநியாயமாக மாட்டிவிடுவார்களோ என்ற பதைப்புக்கா, இப்படிக் கேட்டுவிட்டார்களே என்ற ஆத்திரத்துக்கா, இறந்தவர் பெயரைக் கேட்டதும் எழுந்த துக்கத்துக்கா? கோட்டில் அந்தத் தகவல் இல்லை. பொய்க்கென்று உடம்பில் தனி நரம்பு கிடையாது, தனிச் சுரப்பியும் கிடையாது. எல்லா உணர்ச்சியும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறது.

அரிசியிலிருந்து கருவிக்கு

உடம்பைக் கேட்டு உண்மையை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை இந்த நாட்டில் பழையது. அந்தக் காலத்தில் வழக்குகளைத் தீர்த்த தெய்வ சோதனைகளின் வரிசையில் துலாக்கோல், நெருப்பு, நீர், நஞ்சு ஆகியவற்றோடு அரிசியும் இருந்தது. 1788-இல் வெளியான ஏஷியாடிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில், காசியில் நீதிபதியாக இருந்த அலி இப்ராஹிம் கான் இந்தச் சோதனைகளைப் பட்டியலிட்டு எழுதியிருக்கிறார். திருட்டுச் சந்தேகம் விழுந்தவர்கள் உலர்ந்த அரிசியை மென்று துப்ப வேண்டும். துப்பியது காய்ந்தோ ரத்தம் கலந்தோ இருந்தால் அவர் கள்வர்.

இதற்குப் பின்னால் உடலியல் இருக்கிறது. பயத்தில் நாக்கு வறளும். உமிழ்நீரைத் தாராளமாகச் சுரக்கவைக்கும் நரம்புகள் அச்ச வேளையில் அடங்கிப்போகின்றன. குற்றவாளிக்கு வாய் காய்வது உண்மை. ஆனால் ஊரே கூடி நிற்க, தன் மேல் திருட்டுப் பட்டம் விழுமோ என்று நடுங்கும் நிரபராதிக்கும் அதே வாய் அதே மாதிரி காயும். அரிசி இந்த இரண்டு வறட்சியையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் வந்த கருவியும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் முதல் உலகப் போர்க் காலத்தில், ரத்த அழுத்த ஏற்றத்தைக் கொண்டு பொய்யைப் பிடிக்கலாம் என்றார். 1921-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஜான் லார்சன் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து பதியும் கருவியை உருவாக்கினார். லியனார்ட் கீலர் அதை மேம்படுத்திப் பரப்பினார். நீதிமன்றம் ஆரம்பத்திலேயே தயங்கியது. ஒரு கொலை வழக்கில் மார்ஸ்டனின் சோதனை முடிவைச் சாட்சியமாக வைக்க முயன்றபோது, அந்தத் துறை அறிஞர்களிடையே பொதுவான ஏற்பைப் பெறாத முறை என்று சொல்லி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923-இல் மறுத்தது. ஃப்ரை வழக்கு எனப்படும் அந்தத் தீர்ப்பு, அறிவியல் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் அளவுகோலாக நின்றது. மார்ஸ்டன் பின்னாளில் வொண்டர் வுமன் படக்கதைப் பாத்திரத்தைப் படைத்தார். அவள் கையிலிருக்கும் கயிற்றில் கட்டுண்டவர் உண்மையைத் தவிர வேறெதுவும் பேச முடியாது. படக்கதையில் அது நடக்கும்.

கேள்வியில்தான் சூட்சுமம்

சோதனை அறையில் கருவியைவிடக் கேள்விகளுக்கே வேலை அதிகம். இரண்டு மூன்று மணி நேரச் சோதனையில் பெரும்பகுதி, குழாய்களைக் கட்டுவதற்கு முன் நடக்கும் பேச்சிலேயே கழிந்துவிடும். கேட்கப்போகும் எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தூண்டில் போட்டி வெற்றியாளரை எடுத்துக்கொள்வோம். "உங்கள் வீடு அசோக் நகரில்தானே?" என்பது சாதாரணக் கேள்வி. "இந்த மீனைப் போட்டி நேரத்துக்குள் நீங்களே தூண்டில் போட்டுப் பிடித்தீர்களா?" என்பது விஷயத்தைத் தொடும் கேள்வி. "உங்களை நம்பியவரை எப்போதாவது ஏமாற்றியதுண்டா?" என்பது மூன்றாவது வகை, ஒப்பீட்டுக் கேள்வி. ஏமாற்றியதே இல்லை என்று மனம் கூசாமல் சொல்லக்கூடியவர் உலகில் அரிது. ஆகவே நேர்மையாளர் இந்தக் கேள்விக்கு அதிகம் கலங்குவார், மோசடிக்காரர் மீன் கேள்விக்கு அதிகம் கலங்குவார் என்பது 1940-களில் ஜான் ரீட் வகுத்த முறையின் அடிப்படை. கேள்விகளைச் சில நொடி இடைவெளியில் கேட்டு, அதே வரிசையைச் சில தடவை திரும்பக் கேட்டு, எந்தக் கோடு எவ்வளவு ஏறியது என்று மதிப்பெண் போடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பத்து லட்சம் ரூபாய் பரிசு கையைவிட்டுப் போகுமா, ஊரில் மானம் போகுமா என்பதை நிர்ணயிக்கப்போவது மீன் கேள்விதான் என்று நேர்மையாளருக்கும் தெரியும். பழைய சில்லறைப் பொய்யைப் பற்றிய கேள்வி அவரை ஏன் அதைவிட அதிகமாகக் கலக்க வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது நம் பழமொழி. கருவியின் முழுத் தத்துவமும் இந்தப் பழமொழியில் அடங்கிவிடுகிறது. பழமொழி சொல்லாமல் விட்டது, குற்றமற்ற நெஞ்சும் குறுகுறுக்கும் என்பதை. ஆறிப்போன நெஞ்சு குற்றத்தோடும் குறுகுறுக்காமல் இருந்துவிடும் என்பதையும் அது சொல்லவில்லை.

இரண்டாவதற்குச் சான்று நிறைய. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வுக்குள் இருந்துகொண்டே சோவியத்துக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-இலும் 1991-இலும் பாலிகிராஃப் சோதனையில் தேறியவர். 1994-இல்தான் பிடிபட்டார். அமெரிக்காவை உலுக்கிய தொடர்கொலைகாரர் கேரி ரிட்ஜ்வே 1984-இல் சோதனையில் தேறி விடுபட்டார். 2001-இல் அவரைப் பிடித்துக் கொடுத்தது டிஎன்ஏ. அந்தப் பதினேழு ஆண்டு இடைவெளியில் அவர் கையால் செத்தவர்களும் உண்டு. கருவி தேற்றிவிட்டது என்ற நிம்மதிக்குக் கொடுத்த விலை அது.

இதைவிடச் சற்று உறுதியான ஒரு முறையை டேவிட் லிக்கன் 1959-இல் முன்வைத்தார். பொய் சொல்கிறாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, குற்றம் செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரத்தைப் பிற விவரங்களோடு கலந்து காட்டுவது. கட்டியது கயிறா, கம்பியா, துணியா, டேப்பா? செய்தவரின் உடம்பு சரியான விடையில் கிளரும். செய்யாதவருக்கு எல்லாம் ஒன்றே. ஜப்பான் காவல்துறை இந்த முறையைத்தான் பெரிதும் கையாள்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: அந்த விவரம் வெளியே கசிந்திருக்கக் கூடாது. நம் ஊரில் கொலை நடந்த அன்று மாலைக்குள் கயிறு, கத்தி, வண்டி எண் வரை தொலைக்காட்சியில் ஓடிவிடுகிறது. பதினோரு ஆண்டு நாடே பேசிய ராமஜெயம் வழக்கில், செய்தவருக்கு மட்டுமே தெரிந்த விவரம் என்று எத்தனை மிஞ்சியிருக்கும்?

எண்கள் சொல்வது

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003-இல் இந்தக் கருவியைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, குத்துமதிப்பாகச் சொல்வதைவிட இந்தச் சோதனை கணிசமாக மேலானது. ஆனால் பிழையற்ற நிலைக்கு வெகுதூரம் கீழே நிற்கிறது என்பது அதன் முடிவு. கருவியில் ஒன்றுமே இல்லை என்று அந்த மன்றம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிக்கல், அரைகுறைத் துல்லியத்தை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது.

அந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 ஊழியர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும்படி சோதனையைக் கடுமையாக்கினால் ஏறத்தாழ 1,600 பேர் தேறாமல் போவார்கள். அதில் ஒற்றர்கள் 8 பேர். மற்றவர்கள் அத்தனை பேரும் குற்றமற்றவர்கள். பாவம் நிரபராதிகள் என்று சோதனையைத் தளர்த்தினால், மாட்டும் நிரபராதிகள் நாற்பது பேருக்குள் அடங்குவார்கள். ஆனால் 10 ஒற்றரில் 8 பேர் தேறி உள்ளேயே இருப்பார்கள்.

இதைத் தூண்டில் போட்டிக்குக் கொண்டுவருவோம். நூறு போட்டிகளில் நூறு வெற்றியாளர்கள். அவர்களில் ஐந்து பேர் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கருவிக்குத் தாராளமாகத் தொண்ணூறு விழுக்காடு துல்லியம் கொடுப்போம். ஐந்து ஏமாற்றுக்காரர்களில் நான்கைந்து பேர் மாட்டுவார்கள். நேர்மையான தொண்ணூற்றைந்து பேரில் பத்து விழுக்காடு, அதாவது ஒன்பது பத்துப் பேர் அநியாயமாகத் தேறாமல் போவார்கள். மொத்தம் பதினான்கு பேர் தேறவில்லை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒழுங்காக மீன் பிடித்தவர்கள். தொண்ணூறு விழுக்காடு சரியான கருவி எப்படி இப்படித் தவறும் என்று தோன்றும். ஏமாற்றுக்காரர்கள் சிலர், நேர்மையாளர்கள் பலர் என்ற சமூக உண்மைதான் காரணம். பலரில் பத்து விழுக்காடு, சிலரில் தொண்ணூறு விழுக்காட்டைவிட அதிகம். துல்லியம் கூடாதவரை, கருவியை எவ்வளவு நவீனமாக்கினாலும், கணினித் திரையில் எத்தனை வண்ணத்தில் கோடு வரைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் ஏன் வைக்கிறார்கள்?

தூண்டில் போட்டி விசித்திரமான விளையாட்டு. ஓட்டப் பந்தயம் எல்லோர் கண்ணெதிரே நடக்கிறது. மீன்பிடிப்போ கண்காணாத தண்ணீரில் நடக்கிறது. மீன் போட்டி எல்லைக்குள் கிடைத்ததா, குறித்த நேரத்துக்குள் கிடைத்ததா, முந்தைய நாளே பிடித்துக் கூண்டில் போட்டு வைத்ததா, சந்தையில் வாங்கியதா என்பதற்குப் படகில் இருந்தவர்களே சாட்சி. பரிசுத் தொகையோ மலைக்கவைப்பது. அதனால் சோதனைக்குச் சம்மதம் என்று நுழைவுப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் மேரிலாண்டில் ஓஷன் சிட்டியில் நடக்கும் ஒயிட் மார்லின் ஓப்பன் போட்டியில் 2016-இல் ஒருவர், நம் மீனவர்கள் மயில் மீன் என்று சொல்வதற்கு உறவான வெள்ளை மார்லின் மீன் ஒன்றை, 76.5 பவுண்டு எடையில் கொண்டுவந்தார். பரிசு 28 லட்சம் டாலர். அவரும் படகில் இருந்தவர்களும் பாலிகிராஃப் சோதனையில் தேறவில்லை என்று போட்டி நடத்தியவர்கள் பரிசை நிறுத்திவைத்து நீதிமன்றம் போனார்கள். காலை எட்டரைக்கு முன் தூண்டிலைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறினார்களா என்பதே கேள்வி. 2017-இல் நீதிபதி அவருக்குப் பரிசு கிடையாது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. சோதனைக்கு உட்படுவேன் என்று அவரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். நீதிமன்றமும் கருவியோடு நிற்காமல் நேரப் பதிவுகளையும் சாட்சிகளையும் அலசியே முடிவுக்கு வந்தது. பரிசு கொடுப்பதா வேண்டாமா என்ற ஒப்பந்த வழக்கு அது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்குக்கு இந்த அளவு போதாது.

கருவியை வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மிரட்சி. எட்வர்ட் ஜோன்ஸ், ஹரால்ட் சிகால் என்ற இரு உளவியலாளர்கள் 1971-இல் எழுதிய கட்டுரையில், போலிக் கருவி ஒன்றோடு ஆட்களை இணைத்து, அது மனத்தில் இருப்பதைக் காட்டிவிடும் என்று நம்பவைத்துப் பதில் வாங்கும் உத்தியை விளக்கினார்கள். கருவி வேலை செய்ய வேண்டியதே இல்லை. அது வேலை செய்யும் என்று உட்கார்ந்திருப்பவர் நம்பினாலே வாய் திறக்கிறார். பாலிகிராஃபின் பலத்தில் பெரும்பங்கு இதுதான். சோதனைக்கு முன்பும் பின்பும் நடக்கும் பேச்சில் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் பயந்து வரும் ஒப்புதலில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கருவியே சொல்லிவிட்டது, இனி மறுத்துப் பயனில்லை என்று மனம் தளர்ந்த நிரபராதியும் ஒப்புக்கொண்டுவிடலாம்.

சம்மதம் இல்லாமல் கூடாது

தடியைவிடக் கருவி மேல் அல்லவா என்று காவல்துறை நண்பர்கள் சிலர் கேட்பார்கள். சாத்தான்குளம் காவல் மரணங்களைப் பார்த்த தமிழகத்தில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அடிப்பதைவிடக் கருவி மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் மறுத்தும் அவரை நாற்காலியில் கட்டி உடம்பிலிருந்து பதிலை எடுப்பது, வாயிலிருந்து பதிலைப் பிடுங்குவதற்கு மாற்று ஆகிவிடாது. எந்தத் தவறைத் தவிர்க்கக் கருவி வந்ததோ அதே தவறு வேறு வடிவில் தொடரும்.

2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரை இத்தகைய அறிவியல் சோதனைகளுக்கு உட்படுத்துவது அவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்லவைப்பதாகாது என்ற நிலையை எடுத்தது. 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வில், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் இதை மாற்றி எழுதியது. பாலிகிராஃப், மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனை, மூளை மின்னலைச் சோதனை ஆகிய மூன்றையும் யார் மீதும் அவர் விருப்பமின்றி நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3) கூறும், வாழ்வுரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் கூறும் இதற்கு அடிப்படை.

விரும்பி உட்படுபவருக்கும் பாதுகாப்பு உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி நீதிமன்றம் சொன்னது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிய வேண்டும். வழக்கறிஞரைக் கலக்க வாய்ப்புத் தர வேண்டும். சோதனையின் உடல், மன, சட்ட விளைவுகளை எடுத்துச் சொல்ல வேண்டும். சம்மதத்தோடு நடந்தாலும் சோதனை முடிவு நேரடிச் சாட்சியம் ஆகாது. அதிலிருந்து கிடைத்த துப்பை வைத்துப் பின்னர் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்பைச் சாட்சியமாக ஏற்கலாம். ராமஜெயம் வழக்கிலும் சம்மதத்தைத் திருச்சி நீதிமன்றத்தில் பதிந்த பிறகே சோதனை நடந்தது. சோதனை நடந்ததால் மட்டும் அந்த வழக்கின் முடிச்சு அவிழ்ந்துவிடவும் இல்லை.

பொருள் பேசும்

சைதாப்பேட்டைச் சந்தையில் மீன் வாங்குகிறவர், இது இன்றைக்கு வந்ததுதானா என்று கடைக்காரரைச் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். ஆளைக் கேட்பதைவிடப் பொருளைக் கேட்பது நம்பகமானது என்ற இந்த நடைமுறை அறிவுதான் தடய அறிவியலின் அடித்தளம்.

க்ளீவ்லாந்தில் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மீன் எல்லாத் திசையிலும் சேர்ந்தே வளர்கிறது. நீளம் இரட்டித்தால் அகலமும் உயரமும் ஏறத்தாழ இரட்டிக்கின்றன, எடை எட்டு மடங்குக்குப் பக்கமாக ஏறுகிறது. ஓரடி மீன் முந்நூறு கிராம் என்றால், அதே இனத்து ஈரடி மீன் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒவ்வோர் இனத்துக்கும் இந்த நீள–எடை விகிதத்தை மீன்வள விஞ்ஞானிகள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை மையமும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் அன்றாடம் புழங்கும் கணக்கு இது. விகிதத்தைவிட்டு ஒரு மீன் வெகுதூரம் விலகினால் எங்கோ உதைக்கிறது என்று பொருள்.

ஏமாற்றுக்காரர்கள் ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. மீன் சதையின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது. ஈயம் தண்ணீரைப்போலப் பதினோரு மடங்குக்கு மேல் கனமானது. ஒரு கிலோ ஈயம் தொண்ணூறு மில்லி லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும். மீனின் தொண்டைக்குள் தள்ளினால் வெளித்தோற்றம் மாறாது, தராசு மட்டும் மாறும். ஆனால் எந்த அடர்த்தி ஈயத்தை ஒளித்ததோ அதே அடர்த்தி அதைக் காட்டியும் கொடுக்கும். எக்ஸ்ரே படத்தில் ஈயம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஒரு மெட்டல் டிடெக்டர் போதும். படகுக்கு ஒரு நடுவர், ஜிபிஎஸ் பதிவு, தூண்டில் இறங்கிய நேரத்தைக் காட்டும் வீடியோ என்று மற்ற விதிமீறல்களையும் பொருளைக் கொண்டே சரிபார்க்கலாம். முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ நம் தூண்டில் ஆர்வலர்கள் நாளைக்குப் பெரிய பரிசோடு போட்டி நடத்தினால், கருவிக்காரரைத் தேட வேண்டாம். அளவுகோல், தராசு, கத்தி மூன்றையும் சரியாகப் பயன்படுத்தினால் போதும்.

தமிழகத் தடய அறிவியலின் பெருமையும் இந்த வழியில்தான் வந்தது. நாட்டின் முதல் வேதியியல் பகுப்பாய்வுக் கூடம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் பி. சந்திரசேகரன். சிதறிய துணித் துண்டுகள், கம்பித் துணுக்குகள், உடல்களில் இருந்த காயங்களின் போக்கு ஆகியவற்றைக் கோத்து, ஒரு பெண் தன் உடலில் கட்டி வந்த பட்டைக் குண்டு அது என்று நிறுவினார். இறந்து கிடந்த புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த ஃபிலிம் சுருள், வந்தவர்களின் முகத்தைக் காட்டியது. யாருடைய நாடித்துடிப்பையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. அதே சந்திரசேகரன் பின்னாளில் நார்கோ சோதனையை அறிவியலுக்குப் புறம்பானது, மூன்றாந்தர விசாரணை முறை என்று வெளிப்படையாக எதிர்த்தார். வாழ்நாள் முழுவதும் பொருளைப் பேசவைத்த ஒருவர், மனிதரை மருந்தால் பேசவைப்பதை ஏற்காதது இயல்புதான்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கிலும் பாலிகிராஃப் சோதனைகள் பெரிதாகப் பேசப்பட்டன. 2025 ஜனவரியில் குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தந்த வலுவான சான்றுகளில் டிஎன்ஏ-வும் கண்காணிப்புக் கேமராப் பதிவும் முன்னால் நின்றன.

இந்தக் கருவியை உடைத்துப் போட வேண்டியதில்லை. விசாரணையில் எந்தப் பக்கம் தோண்டலாம் என்று குறிப்புத் தரும் அளவுக்கு, சம்மதத்தோடு, தேர்ந்தவர் கையில், அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைத் தாண்டவிடக் கூடாது. சோதனையில் தோற்றார் என்ற செய்தியைப் படித்ததும் குற்றவாளி என்று முடிவுகட்டுவதும், சோதனைக்கு மறுத்தார் என்றதும் அப்போ அவர்தான் என்று தீர்ப்புச் சொல்வதும் நாம் கைவிட வேண்டிய பழக்கங்கள். மறுப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே போய்ச் சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை முழுமையாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. அதற்கு ஆய்வகங்கள் வேண்டும், படித்த ஆட்கள் வேண்டும், சம்பவ இடத்தைக் கூட்டம் மிதிக்காமல் காக்கத் தெரிந்த முதல்நிலைக் காவலர் வேண்டும். அசோக் நகர்ப் பயிற்சிக் கல்லூரி வகுப்பறைகளில் ஒவ்வொரு காவலர் மனத்திலும் ஏற்ற வேண்டிய பாடம் அதுதான். சட்டமே பொருளின் பக்கம் திரும்பிவிட்ட இந்த நேரத்தில், நம் பணமும் கவனமும் நம்பிக்கையும் அந்தப் பக்கம் போகட்டும்.